இதுல தெரியல

"ஒண்ணும் இல்ல"னு நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கீங்களா? புள்ளை கீழ விழுந்தா ஓடிப் போய் தூக்கி, முட்டிய ஊதி, ஒண்ணும் இல்லடா கண்ணுனு சொல்றோம். புருஷன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது என்னாச்சுனு கேட்டா அவரும் ஒண்ணும் இல்லைனுதான் சொல்றாரு. ஸ்கேன் அக்கா மட்டும் சொல்ல மாட்டாங்க. நாலு வருஷம் அவங்க பக்கத்துல நின்னு வேலை செஞ்சேன், வாய் தவறிக்கூட சொன்னது கிடையாது.

பேர் வேணாம். கம்பெனியிலயே யாரும் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், மெஷின் பேருதான் அவங்களுக்கும். எங்களுது கீழ்பென்னாத்தூர் ரோட்டுல இருக்குற ஒரு கோழிக் கம்பெனி. முன் கேட்டுல கோழி உயிரோட கூண்டு கூண்டா லாரியில வரும். பின் கேட்டுல எலும்பு எடுத்த நெஞ்சுக்கறியா, பாக்கெட் போட்டு ஐஸ் வண்டியில போகும். நடுவுல நாங்க. காலுல ரப்பர் பூட்ஸ், தலையில வலைத் தொப்பி, குளிர்ல வெடவெடன்னு நின்னுக்கிட்டு கத்தி புடிச்சு எலும்பு எடுப்போம். எவ்வளவு பாத்து எடுத்தாலும் ஒரு எலும்புச் சிம்பு எங்கயாவது உள்ள தங்கிடும். அதைக் கண்டுபுடிக்கத்தான் கடைசியில அந்த மெஷின்.

ஆஸ்பத்திரியில எடுக்குற எக்ஸ்ரே மாதிரிதான். பெல்ட்டு மேல கறித்துண்டு ஒவ்வொண்ணா ஒரு பெட்டிக்குள்ள போகும். வெட்டாம, கிழிக்காம, உள்ள இருக்குறது அப்படியே திரையில விழும். எலும்பு தெரிஞ்சா சிவப்பு லைட் எரிஞ்சு, அந்தத் துண்டைத் தனியா ஒரு சிவப்புத் தட்டுல தள்ளி விட்டுடும். பச்சை எரிஞ்சா நேரா பாக்கெட்டுக்குப் போயிடும். தள்ளி விட்ட துண்டை ஒரு ஆளு கையில எடுத்து, கீறி, எலும்பைத் தேடி எடுத்து, ஒரு தாள்ல டேப்பு போட்டு ஒட்டி, பக்கத்துல நேரம் எழுதணும். அதுதான் சட்டம்.

சேந்த புதுசுல நான் சும்மா இருக்காம கேட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

"அப்ப பச்சை எரிஞ்சா எலும்பு இல்லைனு அர்த்தம். அப்படித்தானேக்கா?"

"இதுல தெரியலைனு அர்த்தம்."

"அதான், இல்ல."

"நான் அப்படிச் சொன்னேனா?" திரையில இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாங்க. "நாப்பது நாள் கோழிம்மா இது. அதோட எலும்பு இன்னும் முழுசா எலும்பே ஆகல. நிமிந்து நின்னா கறுப்பாத் தெரியும். படுத்துக் கிடந்தா கறியோட கறியாப் போயிடும். தெரிஞ்சா இருக்குனு சொல்லுவேன். தெரியலைனா தெரியலைனு சொல்லுவேன். அவ்வளவுதான் நம்ம வேலை."

நான் பக்கத்துல நின்னவளைப் பாத்துக் கண்ணடிச்சேன், இந்தம்மா ஒரு மாதிரி போலனு.

வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். ஒல்லி. கண்ணாடி. முடியை இழுத்துக் கொண்டை போட்டு அதுக்கு மேல வலைத் தொப்பி போட்டா நெத்தி இன்னும் பெருசாத் தெரியும். எக்ஸ்ரே எடுக்குற படிப்பு படிச்சுட்டு திருவண்ணாமலை டவுன்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல ரொம்ப வருஷம் இருந்தவங்க. ஏன் விட்டுட்டு இங்க வந்தீங்கனு கேட்டேன். "அங்க எலும்பு வெள்ளையாத் தெரியும், இங்க கறுப்பாத் தெரியுது, அது ஒண்ணுதான் வித்தியாசம்"னு சொன்னாங்க. அதை நான் ஜோக்குனு நெனைச்சுச் சிரிச்சேன், அவங்க சிரிக்கல. கேட்ட கேள்விக்குப் பதிலும் அது கிடையாது.

வேலை முடிஞ்சு கம்பெனி வேன் எங்களை வழி நெடுக இறக்கி விட்டுக்கிட்டே போகும். அவங்க வேங்கிக்கால்ல இறங்குவாங்க. அங்க புதுசா வீடு கட்டிக் கட்டி வாடகைக்கு விட்டிருக்காங்களே, அதுல ஒண்ணுல மாடியில ஒரு ரூம். ஒரு நாள் எனக்கும் அங்க இருக்குற கலெக்டர் ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வேலை இருந்துச்சு, சேந்து இறங்கினேன். முனையில ஒரு மளிகைக் கடை. அக்கா ஆறு முட்டை கேட்டாங்க. கடைக்காரர் எடுத்து வெச்சாரு. இவங்க செல்போன் டார்ச்சைப் போட்டு, ஒவ்வொரு முட்டையா அது மேல உக்கார வெச்சு, கையைக் குவிச்சு, உத்து உத்துப் பாக்குறாங்க. பின்னாடி மூணு பேரு நிக்கிறாங்க.

"ஏம்மா, முட்டை வாங்க வந்தியா, ஜாதகம் பாக்க வந்தியா?"னு கடைக்காரர் கேட்டாரு. "எல்லாம் நேத்து வந்த முட்டை. ஒரு குறையும் கிடையாது."

"நேத்து கடைக்கு வந்துச்சு. கோழிகிட்ட இருந்து எப்ப வந்துச்சுனு நீங்க பாத்தீங்களா?"

எனக்கு எங்க கொண்டுபோய் மூஞ்சிய வெச்சுக்கறதுனு தெரியல. நாலு முட்டையை எடுத்துக்கிட்டாங்க, ரெண்டைத் திருப்பி வெச்சாங்க. அந்த ரெண்டுல என்ன கெடுதல்னு கேட்டேன். "கெடுதல்னு நான் சொல்லல. அதுல எனக்குச் சரியாத் தெரியல"னு சொல்லிட்டு நடந்தாங்க. கடைக்காரர் என்னைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு, நான்தான் கூட்டிட்டு வந்த மாதிரி.

இப்படி இருந்தா யாருதான் கிட்ட வருவாங்க. ஆரம்பத்துல மத்தியானம் எங்களோடதான் உக்காந்து சாப்பிட்டாங்க. எங்க கூட்டத்துல ஒருத்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு வயித்துல தங்கியிருந்துச்சு. அஞ்சாம் மாசம் ஸ்கேன் எடுத்துட்டு ஸ்வீட்டோட வந்தா. குழந்தை நல்லா இருக்காம், ஒரு குறையும் இல்லையாம்னு சொல்லி எல்லார் வாயிலயும் ஊட்டி விடுறா. அக்கா வாயிலயும் வெச்சா. அக்கா மென்னுக்கிட்டே, "குறை இல்லைனா எழுதியிருக்காங்க? பாத்த வரைக்கும் தெரியலைனுதான் எழுதியிருப்பாங்க. ஏழாம் மாசம் இன்னொரு தடவை பாத்துரு"னு சொன்னாங்க.

அவ மூஞ்சி அப்படியே விழுந்துடுச்சு. அந்த அக்கா நாக்குல சனினு அன்னிக்கே பேசி முடிவு பண்ணிட்டாங்க. குழந்தை நல்லபடியாத்தான் பொறந்துச்சு, அதையும் அக்கா கணக்குல யாரும் சேக்கல. அதுக்கப்புறம் அக்கா டப்பாவை எடுத்துக்கிட்டு பின் கேட்டுப் பக்கம் போயிடுவாங்க. அங்க ஒரு சிமெண்ட்டு மேடை, எதிர்ல மலை முழுசாத் தெரியும். அதைப் பாத்துக்கிட்டு தனியாச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே மெஷின்கிட்ட வந்து நின்னுடுவாங்க. நான் ரெண்டு மூணு தடவை போய் கூட உக்காந்தேன். பேச்சு ஓடல. நான் பேசுவேன், அவங்க கேட்டுட்டு, "நீ அதைப் பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"னு கேப்பாங்க. ஊர்க்கதையில பாதி யாராவது சொன்னதுதானே. அந்தக் கேள்வியைக் கேட்டா அப்புறம் எதைத்தான் பேசறது? நானும் போறதை நிறுத்திட்டேன். அவங்க தனியா உக்காந்திருக்குறதைப் பாத்தா ஒரு மாதிரி கஷ்டமா இருக்கும். இருந்தும் போகல, அதுதான் உண்மை.

ஒரு தடவை வெளியூர்ல இருந்து ரெண்டு இன்ஜினியர் ஒரு கேமரா கொண்டு வந்தாங்க. எக்ஸ்ரே எலும்பைத்தான் பாக்கும், இது கறியையே பாக்குமாம். நம்ம கண்ணுக்குத் தெரியாத நிறமெல்லாம் அதுக்குத் தெரியுமாம். தொடாமலே கறி எத்தனை நாள் பழசு, எவ்வளவு தண்ணி கோத்திருக்கு, கெட ஆரம்பிச்சிருக்கா, எல்லாத்தையும் கலர் கலரா காட்டிச்சு. நாங்க வாயப் பொளந்துக்கிட்டு பாத்தோம். நம்ம கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்த ரெண்டு துண்டுல ஒண்ணு நீலமாவும் இன்னொண்ணு மஞ்சளாவும் வந்துச்சு. மேனேஜர் கை தட்டினாரு. ஏதாவது கேக்கணுமானு அந்த இன்ஜினியர்ல ஒரு தம்பி கேட்டப்ப அக்கா கையைத் தூக்கினாங்க.

"இதுல எதெல்லாம் தெரியாது சார்?"

"எல்லாமே தெரியும் மேடம்."

"தெரியாதது எதுனு சொல்லிட்டீங்கன்னா, அதை மட்டும் நாங்க கையால பாத்துக்குவோம்."

மேனேஜர் இருமினாரு. எங்கள்ல பாதி பேரு சிரிச்சோம். அந்தத் தம்பிக்கு மூஞ்சி சிவந்து போச்சு. அப்புறம் மெதுவா, மேல்பரப்புதான் தெரியும், ஆழத்துல இருக்குறது அவ்வளவாத் தெரியாதுனு ஒத்துக்கிட்டாரு. அக்கா அதை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டாங்க.

இனிமே சொல்லப்போறதுல என் கதையும் சேந்து வருது.

என் பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. அடிக்கடி சளி புடிக்குதுனு காட்டப் போன இடத்துல டாக்டர் நெஞ்சுல வெச்சுக் கேட்டுட்டு எக்கோ எடுக்கச் சொல்லிட்டாரு. இதயத்துல சின்னதா ஒரு ஓட்டை. தானா மூடிக்கும், ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்னு சொன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கம்பெனியில எல்லாரும், "ஒண்ணும் ஆகாதுடி, எங்க அண்ணன் புள்ளைக்குக்கூட இருந்துச்சு"னு தேத்தினாங்க. நான் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு ஸ்கேன் அக்காகிட்டயும் ஓடினேன். படிச்ச ஆளு, ஒரு வார்த்தை ஆறுதலாச் சொன்னா தெம்பா இருக்குமேனு.

அவங்க ரெண்டு தடவை படிச்சாங்க. "ஆறு மாசம் கழிச்சுக் கண்டிப்பாப் பாத்துரும்மா. தேதியை விட்டுடாத"னு சொன்னாங்க.

"ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காகிதத்தைப் புடுங்கிக்கிட்டு வந்துட்டேன். மனுஷியா இவங்கனு வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லி அழுதேன். அந்த மார்கழிதான் பாப்பாவுக்காக அம்மனுக்கு மாலை போட்டேன். நாப்பத்தெட்டு நாள். காலையில தலைக்குக் குளிக்கணும், ஒரு வேளை சாப்பாடு, கவிச்சி கிட்டவே போகக் கூடாது.

கோழிக் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு கவிச்சி கிட்டப் போகாம எப்படி இருப்பேனு கேப்பீங்க. அதுக்கு எங்ககிட்ட ஒரு ஏற்பாடு உண்டு. கார்த்திகை, மார்கழி, தை வந்தா பாதிப் பேரு மாலை போட்டுடுவாங்க. எல்லாரும் லீவு எடுத்தா கம்பெனி நின்னுடும். அதனால மாலை போட்டவங்களை முறை வெச்சு எக்ஸ்ரே திரை முன்னாடி உக்கார வெச்சுடுவாங்க. அங்க கறியைத் தொட வேணாம், பாத்தா போதும். பக்கத்துல மாலை போடாத ஆளு ஒண்ணு நின்னு, சிவப்புத் தட்டுல விழுறதை அறுத்து எலும்பை எடுத்துக் குடுக்கும். எழுத்துல எங்கயும் கிடையாது இது, வாய் வார்த்தைதான். மெஷினைத் திறக்குற நம்பர் அக்காவோடது. யாரு உக்காந்தாலும் மெஷின்ல அவங்க பேருதான் விழும்.

அக்காவுக்கு இந்த ஏற்பாடு சுத்தமாப் புடிக்கல. "பாக்குறதும் தொடுறதும் ஒரே வேலை. ரெண்டா பிரிக்கக் கூடாது"னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப் பாத்தாங்க. சாமி விஷயத்துல தலையிடாதீங்கம்மானு அவரு சொல்லிட்டாரு. என் முறை வந்தப்ப என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "தள்ளி விட்ட துண்டை எந்தக் காரணத்துக்கும் திருப்பி பெல்ட்டுல விடாத."

சரிக்கானு சொன்னேன்.

அன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல பஸ்ஸையெல்லாம் சுத்தி விட்டுட்டாங்க, வேன் ரெண்டு மணி நேரம் லேட்டு, பாதி ஆளு வரவே இல்ல. என் பக்கத்துல நின்னு அறுக்க வேண்டியவளும் வரல. ஆளு இல்லாததால அக்காவைக் குளிர் ரூமுக்குப் பெட்டி எண்ண அனுப்பிட்டாங்க. போறப்ப, "தட்டு நெறைஞ்சா அப்படியே வெச்சிரு, நான் வந்து அறுக்குறேன்"னு சொல்லிட்டுத்தான் போனாங்க.

தட்டு நெறைஞ்சுது. அக்கா வரல. சூப்பர்வைசர் அங்க இருந்து கத்துறாரு, கறி சூடேறுது, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கேனு. அறுக்கணும்னா கையால புடிச்சு, விரலை உள்ள விட்டுத் தேடணும். விரதத்துல முப்பத்தொம்பதாவது நாள் அது. ஒரு நாள் தவறினா பாப்பா நெஞ்சுல இருக்குற ஓட்டை மூடாமப் போயிடுமோனு பயம். பக்கத்துல ஒரு இடுக்கி கிடந்துச்சு. இடுக்கியால ஒரு துண்டைப் புடிச்சு, திருப்பிப் போட்டு, பெல்ட்டுல விட்டேன். பச்சை எரிஞ்சுது. கறி மடிஞ்சு கிடந்தாலும் மெஷின் சும்மாவே தள்ளி விடும், அது எல்லாருக்கும் தெரியும். அப்ப இதுவும் அப்படித்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னொண்ணு விட்டேன். அதுவும் பச்சை. ஒரு பத்துப் பன்னெண்டு துண்டு போயிருக்கும். ரெண்டே ரெண்டு மட்டும் மறுபடி சிவப்பாகித் தட்டுல விழுந்துச்சு. அக்கா வந்து அந்த ரெண்டையும் அறுத்து, எலும்பை எடுத்து, தாள்ல ஒட்டினாங்க. "ரெண்டுதானா?"னு கேட்டாங்க. "ரெண்டுதான்க்கா"னு சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு நேரத்தை எழுதினாங்க.

தை முடியுற சமயத்துல சேதி வந்துச்சு. எங்க பாக்கெட்டுல சமைச்ச கறி ஒரு குழந்தைக்குத் தொண்டையில மாட்டியிருக்கு. ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து எலும்பை எடுத்திருக்காங்க. குழந்தை பொழைச்சுக்கிச்சு. ஆணா பொண்ணா, எத்தனை வயசு, எதையும் நான் கேக்கல. கேக்கப் பயம்.

பாக்கெட்டு மேல நாளும் நேரமும் இருக்கும். மெஷின் ஒவ்வொரு துண்டையும் படம் புடிச்சு வெச்சிருக்கும், அது எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. மேனேஜர் அந்தப் படத்தை எடுத்துப் பாத்துட்டாரு. ஒரே துண்டு, மொதல்ல சிவப்பு, கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து பச்சை. மொத தடவை ஒரு கறுப்புக் கோடு தெளிவாத் தெரியுது. ரெண்டாவது தடவை எலும்பு படுத்துக்கிச்சு.

பௌர்ணமி அன்னிக்கு அந்தப் பக்கம் வேலை பாத்த அஞ்சு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. சூப்பர்வைசர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. மாலை போட்டவங்களைத் திரையில உக்கார வெக்கறது அவரு ஏற்பாடு, வெளிய வந்தா அவரு தலையும் உருளும். எனக்கு வேலை போனா கம்பெனி குடுத்த வைத்தியக் கார்டும் போயிடும். பாப்பாவுக்குப் பாக்குறதே அந்தக் கார்டுலதான். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறாரு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அது காணாது.

"மெஷின் உங்க பேர்ல இருக்கும்மா. திருப்பி விட்டது யாரு?"னு மேனேஜர் அக்காவைக் கேட்டாரு.

அக்கா ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பார்வையில கோபம் இருந்த மாதிரி எனக்குத் தெரியல.

"நான்தான் சார்."

"வேற யாராவது அந்த இடத்துல உக்காந்தாங்களா?"

"வேற யாரும் இல்ல."

இல்லைனு சொன்னாங்க. நாலு வருஷத்துல அந்த வாயில இருந்து அப்படி அடிச்சுச் சொல்ற பேச்சு வந்து நான் கேட்டதே கிடையாது. அது பொய். எனக்கு மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம். காலுக்குத் தரை கிடைச்ச மாதிரி ஒரு சந்தோஷம். வெக்கம் அப்புறந்தான் வந்துச்சு, வேன்ல வேங்கிக்கால் தாண்டுறப்ப.

அந்த வாரமே அவங்களை நிறுத்திட்டாங்க. டப்பாவையும் ஸ்வெட்டரையும் ஒரு கட்டப்பையில போட்டுக்கிட்டு பின் கேட்டு வழியாப் போனாங்க. யாரும் வழியனுப்பப் போகல. நான் கத்தியைப் புடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நின்னேன்.

பங்குனியில பாப்பாவுக்கு மறுபடி எக்கோ எடுத்தோம். மூடிடுச்சுனு டாக்டரே சொன்னாரு. அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கால் கிலோ பால்கோவா வாங்கிக்கிட்டு வேங்கிக்கால் போனேன். மாடி ரூம் கதவைத் திறந்தவங்களைப் பாத்தா இன்னும் இளைச்சிருந்தாங்க. ஒரு நாற்காலி, ஒரு பாய், அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரெண்டாவது ஆளு வந்தா காப்பி குடுக்க அந்த வீட்டுல பாத்திரம் கிடையாது. டப்பா மூடியில ஊத்தி அவங்க குடிச்சாங்க, டம்ளரை எனக்குக் குடுத்தாங்க.

பாப்பா சேதியைச் சொன்னேன். காகிதத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல்கிட்ட கொண்டுபோய் முழுசாப் படிச்சாங்க. "நல்லா தெளிவா எழுதியிருக்காங்க. சந்தோஷம்மா"னு சொன்னப்ப மூஞ்சி மலர்ந்துச்சு. அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

இப்ப எங்க வேலைனு கேட்டேன். டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் கூப்பிடுற வேலையாம். எக்ஸ்ரே பக்கம் எங்க கேட்டாலும் நம்ம கம்பெனிக்கு போன் போட்டு விசாரிக்கிறாங்களாம், விசாரிச்சதும் வேணாம்னுடறாங்களாம். அதை ஒரு குறையா சொல்லல. கேட்டதுக்குப் பதிலா சொன்னாங்க.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"னு கேட்டுட்டேன்.

மூடியைக் கழுவிட்டு வந்து உக்காந்தாங்க. "அந்த இடத்துல உன்னை விட்டுட்டுப் போனது நான். அது எனக்குத் தெரியும். அதோட நிறுத்தியிருக்கணும். வேற யாரும் இல்லைனு சொன்னது தப்பு." என் காலி டம்ளரை எடுத்து ஓரமா வெச்சாங்க. "அந்த மாதிரி இல்லைனு அடிச்சு ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். மொத தடவை எங்க அம்மாகிட்ட. ஸ்கேன் சென்டர்ல அம்மாவுக்குப் படம் எடுத்ததே நான்தான். டாக்டர் வர லேட்டாச்சு. அம்மா பயந்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, அதனால ஒண்ணும் இல்லம்மா, வா போலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன். நாலு மாசம் கழிச்சு டாக்டர் பாக்குறப்ப கட்டி உடம்பெல்லாம் பரவிடுச்சு. அதைத் திருத்த முடியாமப் போச்சு."

நாக்கு நுனியில வந்ததைச் சொன்னேன்.

"நான் போய் மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமாக்கா?"

நெஜமாவே சொல்லணும்னு கேட்டேனா? இல்லீங்க. அவங்க, வேணாம்மா, போனது போகட்டும், நீ புள்ளையைப் பாருனு சொல்லுவாங்கனு கேட்டேன். நாம எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம். அவங்க என் கண்ணை நேராப் பாத்தாங்க.

"சொல்லு"னு சொன்னாங்க.

ரோடு வரைக்கும் கூட வந்தாங்க. பஸ் வர்ற வரைக்கும் நின்னாங்க. "என் பழைய நம்பர்தான், மாத்தல"னு மட்டும் சொன்னாங்க.

திங்கக்கிழமை சொல்லிடலாம்னுதான் போனேன். மேனேஜருக்கு ஏதோ மீட்டிங். செவ்வாக்கிழமை அவரு ரூம் வாசல் வரைக்கும் போனேன், உள்ள யாரோ இருந்தாங்க. புதன்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டாரு. நாலு வருஷமா பக்கத்துல நின்னு பாத்திருக்கியே, இனிமே எக்ஸ்ரே திரையை நீயே பாத்துக்கனு சொல்லி, மெஷின்ல என் பேர்ல ஒரு நம்பர் போட்டுக் குடுத்துட்டாரு. சொல்றதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. தேங்க்ஸ் சார்னு சொன்னேன்.

ஆடியில ஒரு நாள் மனசு கேக்காம மறுபடி வேங்கிக்கால் போனேன். சொல்லலைனு சொல்லி மன்னிப்பாவது கேக்கணும்னு. மாடி ரூம்ல வேற யாரோ குடியிருந்தாங்க, வாசல்ல ஒரு குழந்தை சைக்கிள் நின்னுச்சு. கீழ வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். காலி பண்ணிட்டுப் போய் ஒரு மாசமாச்சு, எந்த ஊருக்குனு கேட்டுக்கலைனு சொன்னாங்க.

"நல்ல பொம்பளைம்மா, ஆனா யாரோடயும் பேசாது. கடைசி ரெண்டு மூணு மாசமா போனைக் கையிலயே வெச்சிருக்கும். துணி காயப் போட வந்தாக்கூட கொடிக்கம்பி பக்கத்துல வெச்சுக்கும். யாருகிட்ட இருந்து போன் வரணும்னு கேட்டா, பழைய கம்பெனியில இருந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கனு சொல்லும்."

நான் தலையாட்டினேன்.

"நீ அதுக்கு என்னம்மா வேணும்?"னு அந்தம்மா கேட்டாங்க.

கூட வேலை செஞ்சேன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.